ஒரே வரிசையில் பன்னிரண்டு ரிவெட்

மில்லி செய்த ஜன்னல் எது என்று கண்டுபிடிக்க அதில் பெயர் எழுதியிருக்க வேண்டியதில்லை. திருகாணிகளைப் பார்த்தாலே போதும். எல்லாம் நூல் பிடித்தது போல ஒரே வரிசையில் நிற்கும். நிற்பது மட்டுமா, ஒவ்வொரு திருகாணியின் தலையில் உள்ள கீறலும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இருக்கும். யார் கண்ணிலும் படாத பின்பக்கமாக இருந்தாலும் அப்படித்தான். "இதை யாருப்பா வந்து பாக்கப் போறா?" என்று யாராவது கேட்டால், "நான் பாப்பேன்ல" என்பான். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அலுமினியத்தில் ஜன்னல், கதவு, அலுவலகத் தடுப்பு எல்லாம் செய்கிறவன். வயது நாற்பத்தாறு. படிப்பு ஏறவில்லை. 'இவன் தேற மாட்டான்' என்று அப்பா கை கழுவி விட்டபோது அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர் அக்காவின் கணவர். அத்தானுக்கு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை. கடுகளவு எழுத்தில் அச்சடித்திருப்பதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பார். அவர் தன் கார் நிற்கும் கொட்டகையைக் காலி பண்ணி, "இங்க போட்டுக்க உன் பட்டறையை" என்றார். கார் வெளியே போனது. பதினோரு வருடம் மழையிலும் வெயிலிலும் நின்று, கடைசியில் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்துக் கையோடு வந்தது. அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மில்லிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெயர் வைத்ததும் அவர்தான். பட்டறையில் முதல் முதலாகச் செய்த ஜன்னலை அக்காவின் சமையலறையில் பொருத்தியபோது, அத்தான் ஸ்கேலை எடுத்து நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். "ஒரு மில்லி கூட இடம் விடலையேடா!" என்றார். அன்றிலிருந்து மில்லி. அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்கூட அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தைந்தாவது வயதில் அத்தான் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார். மூன்று பேர் உட்காரலாம், நாலாவது ஆள் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிந்ததும் படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவார். அக்கா அந்தப் படகுக்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்தாள். "என்ன, சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, "தனியா விட முடியாது" என்று தானும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூடவே போவாள். மில்லி மட்டும் ஒரு நாளும் ஏறியதில்லை. தண்ணீர் என்றால் அவனுக்குப் பயம். நீச்சல் தெரியாது. படகுத்துறைப் பலகையில் நடக்கும்போதுகூட நடுவில்தான் நடப்பான்.

வினை பாய் உருவில் வந்தது. பெரிய படகு ஒன்றை யாரோ உடைத்து விற்க, அதில் இருந்த பாய் அத்தானுக்குக் கிடைத்தது. புதுசு மாதிரி மொடமொடப்பாக இருந்தது. ஆனால் அவருடைய பாய்மரத்தைவிட எழுபது சென்டிமீட்டர் நீளம் அதிகம். துறையில் பாய் தைக்கிற அம்மா ஒருத்தர் உண்டு. "கீழே வெட்டிச் சின்னதாக்கிடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். அத்தானுக்கு மனசு வரவில்லை. நல்ல பாயின் மேல் கத்திரி வைப்பதா?

"மரத்தை நீட்ட முடியுமா மில்லி?" என்று பட்டறைக்கு வந்து கேட்டார்.

பாய்மரம் என்றுதான் பேர், அதில் மரம் ஏது? உள்ளே காலியான அலுமினியக் குழாய். வெட்டினால் முட்டை வடிவம் தெரியும், பின்பக்கம் பாய் ஏறி இறங்க நீளமாக ஒரு பள்ளம் ஓடும். மில்லி கையால் தடவிப் பார்த்தான்.

"அலுமினியம்தானே அத்தான்? என்கிட்ட விடுங்க."

எல்லாக் கேடும் அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. பாய்மரத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? தெரியாது என்பதே தெரியாது. துறையில் நாலு பேர் இருந்தார்கள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்தைந்து வருடமாக அலுமினியத்தோடு குடும்பம் நடத்துகிறவன் போய் யாரைக் கேட்பான்?

வேலையைக் குறை சொல்ல முடியாது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். உடைத்த படகுகள் கிடக்கும் இடத்தில் அதே அளவுக் குழாயில் ஒரு துண்டைத் தேடிப் பிடித்தான். மரத்தின் அடியில் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். மேலே உள்ளதைத் தொட வேண்டாம், மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்களை மட்டும் நீட்டினால் போதும். இரண்டு குழாயும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு குழாயைச் செருகினான். பாதி மேலே, பாதி கீழே. பிறகு குழாய்களைப் பிணைக்க ரிவெட் என்கிற தறையாணிகளை அடிக்க வேண்டும். ஒரு நீளக் காகிதத்தை மரத்தைச் சுற்றி ஒட்டி, அதன் ஓரத்தைக் கோடாக வைத்துக்கொண்டு, சம இடைவெளியில் பன்னிரண்டு புள்ளி வைத்தான். துளை போட்டான். இணைப்புக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். வளையத்துக்குப் பன்னிரண்டு ரிவெட். ஒன்று கூடக் குறைய இல்லை, ஒன்று மேலே கீழே இல்லை. இணைப்பில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டவில்லை.

அத்தான் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். படகில் உட்கார்ந்தால் அந்த வளையம் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். துறையில் போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "பாருங்க, என் மச்சான் வேலை" என்றார். மில்லி பலகையின் நடுவில் நின்று, ஒன்றும் பெரிசில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். உள்ளே குளிர்ந்து போயிருந்தான் என்பது வேறு விஷயம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பாய் தைக்கிற அம்மா பாயின் இழுப்பைச் சரிபார்க்க வந்தார். அத்தான் டீ வாங்கப் போயிருந்தார். அம்மா படகுக்குள் குனிந்தவர் நிமிரவே இல்லை. ரிவெட் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தாம்மா" என்றான் மில்லி. பாராட்டுக்குத் தயாராக நின்றான்.

"ரொம்ப அழகா இருக்கு."

"ஏதோ..."

"அதான் பயமா இருக்கு. பில் புக் வெச்சிருக்கீங்களா நீங்க?"

"வெச்சிருக்கேன்."

"அதுல கிழிக்கறதுக்கு வரிசையா ஓட்டை போட்டிருப்பாங்கல்ல? இதுவும் அதேதான். பாய்மரம் உங்க ஜன்னல் மாதிரி சும்மா நிக்காதுங்க. காத்துல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வளைஞ்சுக்கிட்டே இருக்கும். பலம் பூரா உள்குழாய் முடியற எடத்துலதான் வந்து இறங்கும். அங்க போய் சுத்திலும் ஒரே கோட்டுல ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க." விரலால் வளையத்தைச் சுற்றிக் காட்டினார். "ரிவெட்டை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு கலைச்சுக் கலைச்சு அடிக்கணும். உள்குழாயும் முழங்கை நீளமாவது வேணும். இது இப்ப உடையாது, அப்ப உடையாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் கிழியும்."

மில்லி அந்த வளையத்தை விரலால் தடவினான். கலைத்து அடிப்பதா? கலைத்து அடித்தவனையெல்லாம் அவன் பட்டறையை விட்டே அனுப்பியிருக்கிறான்.

"நீங்க இதுக்குக் கீழ உக்காந்து போவீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எனக்குத் தண்ணின்னா பயம்மா."

"அப்ப உங்களுக்குக் கவலையில்ல. சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. உங்க வேலை, நான் சொன்னா நல்லா இருக்காது."

அத்தான் மூன்று டீயோடு வந்தார். "என்னம்மா, எப்படி என் மச்சான் வேலை?" என்றார். அம்மா மில்லியைப் பார்த்தார். மில்லி டீயைப் பார்த்தான். "வேலை சுத்தமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவர் பாயைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். படகில் இருந்து மரத்தை இறக்க அரை மணி நேரம், திரும்பச் செய்ய இரண்டு நாள். ஆனால் அத்தான் இரண்டு வாரமாக ஊர் பூராவும் புகழ்ந்து வைத்திருந்தார். மறுநாள் ஞாயிறு காற்றே இல்லை, படகு கிளம்பவில்லை. அப்பாடா என்று இருந்தது. இந்த வாரத்துக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். திங்கட்கிழமை ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. செவ்வாய் போனை எடுத்தான், வைத்துவிட்டான். புதன்கிழமை, 'அந்த அம்மாவுக்குத் துணியைப் பற்றித் தெரியும், அலுமினியத்தைப் பற்றி என்ன தெரியும்' என்று தோன்றியது. வியாழக்கிழமை ஒரு துண்டுக் குழாயில் அதே போல் வளையமாகத் துளை போட்டு, பட்டறை மேஜையின் இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். நாற்பதாவது ஆட்டலில் கிழிந்தது. அதைப் பழைய சாமான் மூட்டைக்குள் போட்டுக் கட்டினான். வெள்ளியும் சனியும் மென்று விழுங்கினான்.

ஞாயிறு காலை அத்தானிடமிருந்து போன் வந்தது. "காத்து நல்லா இருக்கு மில்லி. உங்கக்காவும் வர்றா. நீ வர்றியா?"

"இல்ல அத்தான். நீங்க பாத்துப் போங்க."

பாத்துப் போங்க. அவ்வளவுதான் அவன் வாயிலிருந்து வந்தது.

பதினோரு மணிக்கு அடுத்த போன். பாய்மரம் உடைந்து விழுந்துவிட்டது. அதோடு, பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கழி வந்து அக்காவின் வலது கையில் அடித்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போயிற்று. வேறு படகுக்காரர்கள் கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். மில்லி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தான் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடமாக அவர் வேலை பார்க்கிற அதே கட்டடம்தான், ஆனால் எந்தக் கதவு எங்கே போகிறது என்று தெரியாதவர் போல நின்றார்.

"என் தப்பு மில்லி" என்றார். "காத்து ஏறுது, திரும்பிடலாம்னு அவ சொன்னா. நான்தான் இன்னும் ஒரு சுத்துன்னேன். நீ அவ்வளவு அழகா செஞ்சு குடுத்ததை ஒரு நாள்ல ஒடைச்சிட்டேன். மன்னிச்சுக்கடா."

அவர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அதெல்லாம் விடுங்க அத்தான்" என்றான். பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தது போல இருந்தது அது. சொன்ன அடுத்த நொடி தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அதைவிட மோசமான ஒன்றையும் அன்றைக்குச் செய்தான். "உடைஞ்சதை நான் அப்புறப்படுத்திடறேன்" என்று தானே முன்வந்து வண்டி எடுத்துப் போனான். மரத்தின் மேல்பகுதியைத் துறையிலேயே போட்டுவிட்டு, அதன் கிழிந்த விளிம்பிலிருந்து ஒரு முழம் மட்டும் அறுத்துச் சாக்கில் சுற்றி, மிச்ச அடித்துண்டோடு பட்டறைக்குக் கொண்டுவந்தான். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணாடித் தகடுகளுக்குப் பின்னால் நிறுத்தினான். மரம் முறிந்திருக்கவில்லை. கிழிந்திருந்தது. விளிம்பு முழுக்க ஓட்டையின் பாதி, ஓட்டையின் பாதி என்று பன்னிரண்டு பிறைகள். இதிலும் வரிசை பிசகவில்லை.

அதற்குப் பிறகு அவனால் பில் கிழிக்க முடியவில்லை. கஸ்டமருக்குக் கொடுக்க வேண்டிய தாளைக் கத்திரியால் வெட்டிக் கொடுத்தான். 'ரொம்பத்தான் சுத்தம்' என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை மாதம் ஓடியது. அக்காவின் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. அத்தான் பாத்திரம் தேய்த்தார், துணி மடித்தார். காலையில் வேலைக்குப் போகும் முன் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துத் தலை வாரிப் பின்னிவிட்டார். ஜடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அக்கா சிரிக்க மாட்டாள். அதுதான் மில்லிக்குப் புதுசு. எதற்கும் சிரித்துவிடுகிறவள் அவள்.

ஒரு மாலை அவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அவன் முதல் முதலாகச் செய்த அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேசினாள்.

"படகை விக்கப்போறேங்கறார்டா."

"நல்லதுதானேக்கா? சக்களத்தி ஒழிஞ்சா சரின்னு நீதானே சொல்லுவ?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக வித்துடறதா? மனுஷன் சரியா சாப்பிடறதில்ல. தலை பின்னும்போது பின்னாடி நின்னுக்கிட்டு தெனமும் ஸாரி ஸாரின்னு சொல்லிட்டிருக்கார். 'நான் பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா' — இதே பாட்டுதான். நான் சொன்னா எனக்காகச் சொல்றேன்னு நினைக்கறார். நீ சொல்லு. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும். அவர் தப்பு இல்லைன்னு நீ சொன்னா நம்புவார்."

மில்லி போய்ச் சொன்னான். அத்தான் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், அது உங்க தப்பில்ல."

"உன் மனசு அப்படி" என்றார் அவர். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் பாதி உண்மை ஆறுதல் வார்த்தை மாதிரி கேட்டது. மீதியைச் சொல்லாமல் அந்தப் பாதிக்கு மதிப்பில்லை என்று அவனுக்கு விளங்கியது. விளங்கி என்ன? எழுந்து வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரம் அத்தானே பட்டறைக்கு வந்தார். படகை வாங்க ஒரு ஆசிரியர் வந்திருக்கிறார், கல்யாணமாகி இரண்டு சின்னப் பிள்ளைகள். மரம் நின்றால்தான் வாங்குவார். "மேல்பகுதி கிடக்குதே, அதோட கொஞ்சம் நீளமா ஒரு துண்டு சேர்த்துக் குடுத்துடு மில்லி. முன்னாடி போட்டியே, அதே மாதிரி. அந்த வரிசை. அதைப் பாத்தாலே அவர் வாங்கிடுவார்."

அதே மாதிரி. அதன் கீழே இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்காரும்.

மில்லி மறுநாள் பாய் தைக்கிற அம்மாவிடம் போனான். அவர் தையல் மெஷினை நிறுத்தவில்லை. "அக்கா கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவன் தலை குனிந்து நின்றதைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு துணித் துண்டில் பென்சிலால் வரைந்து கொடுத்தார். அவன் கேட்டான், எழுதிக்கொண்டான், திரும்பவும் கேட்டான். இதை முதலிலேயே கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கால் மணி நேரம்.

இந்தத் தடவை உள்குழாயை அதே பாய்மரத் துண்டிலிருந்தே எடுத்து, நீளவாக்கில் ஒரு கீற்று அறுத்து, நெருக்கி உள்ளே செலுத்தினான். முழங்கைக்கு மேலும் நீளம். முனைகளைச் சமமாக வெட்டாமல் நாக்கு நாக்காகச் சரித்துவிட்டான், பலம் ஒரே இடத்தில் இறங்கக் கூடாது என்று. பிறகு ரிவெட். ட்ரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். ஒன்று இங்கே, அடுத்தது இரண்டு விரல் கீழே, அதற்கடுத்தது மேலே தள்ளி. கணக்கு இருந்தது, ஆனால் பார்வைக்கு யாரோ கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தது போல இருந்தது. ஒவ்வொன்றையும் அடிக்கும்போது கை கூசியது.

அடித்து முடித்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வெள்ளை பெயின்ட் ஒரு டப்பா இருக்கிறது. பட்டி பூசி, தேய்த்து, இரண்டு கை பெயின்ட் அடித்தால் ஒரு ரிவெட்டும் தெரியாது. அத்தான் கேட்க மாட்டார். மரம் உறுதியாக நிற்கும். பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை. படகு விற்றுப் போகும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

பெயின்ட் டப்பாவைத் திறந்தே விட்டான். குச்சியை விட்டுக் கலக்கினான். அப்போது காலையில் பார்த்த அக்காவின் ஜடை ஞாபகம் வந்தது. அவள் பின்னால் நின்றுகொண்டு தினமும் மன்னிப்புக் கேட்கிற மனிதர் ஞாபகம் வந்தது. இப்போது இதைப் பூசி மறைத்தால் அவர் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். மூடியை எடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி டப்பாவை மூடினான்.

சனிக்கிழமை மதியம் அத்தான் வந்தார். மரம் இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்தது. கிட்டே வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். மருந்துச் சீட்டைப் பார்க்கிற அதே பார்வை. விரலால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"என்ன மில்லி இது? உன் வேலை மாதிரியே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இதுதான் சரியான முறை அத்தான்."

"அப்ப அது?"

மில்லி கண்ணாடித் தகடுகளுக்குப் பின்னால் கையை விட்டுச் சாக்கை எடுத்தான். பிரித்தான். மேஜையில் வைத்தான். அத்தான் அந்தப் பன்னிரண்டு பிறைகளையும் பார்த்தார். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"காத்து இல்ல அத்தான். நீங்களும் இல்ல. நான் வரிசையா ஓட்டை போட்டேன். கிழிஞ்சு போச்சு. அந்த ஒரு சுத்து போகாம திரும்பியிருந்தாலும் இன்னொரு நாள் கிழிஞ்சிருக்கும்."

அத்தான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒன்றரை மாதப் பாரம் இறங்குகிறது என்று மில்லிக்குத் தெரிந்தது. அவருடைய முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"சரி விடு" என்றார். "உனக்கு மட்டும் என்ன தெரியும்? ஜன்னல்காரன்கிட்ட பாய்மரத்தைக் குடுத்தது நான்தானே. உடைஞ்சப்புறம்தான தெரிஞ்சுது உனக்கு?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு, தப்பித்துப் போ என்று வழி காட்டுவது போல இருந்தது. ஒரு 'ஆமா' போதும். அவன் தப்பு பாதியாகக் குறைந்துவிடும். ரெண்டு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"இல்ல" என்றான் மில்லி. "முன்னாடியே தெரியும். எட்டு நாள் முன்னாடி. பாய் தைக்கிற அம்மா சொன்னாங்க. நானே ஒரு துண்டுல ஆட்டிப் பாத்தேன். நாப்பதாவது ஆட்டல்ல கிழிஞ்சுது."

அத்தான் மேஜையில் கிடந்த துண்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையில உனக்கு போன் பண்ணேன்" என்றார் அத்தான், மெதுவாக. "உங்கக்காவும் வர்றான்னு சொன்னேன்."

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"பாத்துப் போங்கன்னு சொன்னேன்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். எழுந்து, கிழிந்த துண்டைச் சாக்கோடு சுருட்டி அவன் கையில் கொடுத்தார். "வா. இதை அவகிட்ட நீயே காட்டு. நான் சொல்ல மாட்டேன்."

அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். எட்டு நாளையும் சொன்னான், போனையும் சொன்னான். அவள் இடது கையை நீட்டி அந்த விளிம்பைத் தடவினாள். மில்லிக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயசு ஆள் அக்கா முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"கை போனா போகுதுடா, கட்டு பிரிச்சா சரியாயிடும்" என்றாள். "ஒன்றரை மாசமா தெனமும் என் பின்னாடி நின்னு மன்னிப்புக் கேட்டாரே, அதை நீயும் பாத்துக்கிட்டுதான இருந்த?"

மில்லி ஆமென்று தலையாட்டினான்.

அவள் மேஜையில் கிடந்த சீப்பை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "கட்டு பிரிக்க இன்னும் பதினாறு நாள் இருக்கு. காலையில ஏழு மணிக்கு வந்துடு. இனிமே அவர் பின்ன வேண்டாம்."

அத்தான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். "எட்டு நாள் வாயைத் திறக்காம இருந்தேல்ல?" என்றார். மருந்து எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரல். "எட்டு நாள் நானும் உன்கிட்ட பேசப்போறதில்ல." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொன்னதைச் செய்தார். மில்லி தினமும் ஏழு மணிக்குப் போனான். முதல் நாள் வகிடு எடுத்தபோது கோடு கோணலாக ஓடியது. அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நீயாடா மில்லி?" என்றாள். அத்தான் அவனைத் தாண்டிப் போவார், செய்தித்தாளை எடுப்பார், டீயைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைப்பார். ஒரு வார்த்தை கிடையாது. நாலாவது நாள் அந்த மௌனம் தாங்காமல் மில்லி, "அத்தான்" என்றான். அவர் விரலை மடக்கி இன்னும் நாலு என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். ஆசிரியர் படகைப் பற்றிக் கேட்க வந்தபோது, விற்பதாக இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். அக்கா சத்தமாக, "சக்களத்தி வாழட்டும்" என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு.

வெள்ளிக்கிழமை நாலு பேர் சேர்ந்து மரத்தைப் படகில் நிறுத்தினார்கள். பெயின்ட் இல்லாமல், ரிவெட்டெல்லாம் தாறுமாறாகத் தெரிய, அப்படியே நிறுத்தினார்கள்.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மில்லி அக்காவின் ஜடையின் நுனியைக் கட்டிக்கொண்டிருந்தான். அத்தான் சமையலறை ஜன்னலை நகர்த்தித் திறந்து வெளியே பார்த்தார். ஜன்னல் சத்தமில்லாமல் ஓடியது.

"காத்து நல்லா இருக்கு மில்லி" என்றார், திரும்பாமலே.

மில்லி சீப்பைக் கீழே வைத்தான்.

"நானும் வர்றேன் அத்தான்" என்றான். "மரத்துக்குக் கீழ நான் உக்காந்துக்கறேன்."